பழைய இரும்பு யார்டும் மழைத் தண்ணீரும்

கேள்வி: வணக்கம் அக்கா. சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய தோட்ட நிலத்தில் ஓர் ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறேன். அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். ஒரு பழைய லோரியோடு ஆரம்பித்தேன், இன்று என்னோடு ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கார் இஞ்சின், கியர்பாக்ஸ், பேட்டரி, பழைய ஐஸ்பெட்டி, கேபிள், தகரம் எல்லாம் வாங்குவேன். சென்ற மாதம் பெரிய மழைக்குப் பிறகு கால்வாயில் எண்ணெய்ப் படலம் மிதந்ததைக் கீழே தாமான் குடியிருப்பில் இருப்பவர்கள் படம் எடுத்து நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நான் யார்டில் தண்ணீரே பயன்படுத்துவதில்லை, எதையும் கால்வாயில் ஊற்றியதும் இல்லை. ஓடுவது மழைத் தண்ணீர்தானே, அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? ஒரு கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, சுத்திகரிப்பு நிலையம் கட்டியே ஆக வேண்டும் என்று என் ஒரு வருட வருமானத்தைக் கேட்கிறார். அதைக் கொடுத்தால் தொழிலை மூட வேண்டியதுதான். புகார் கொடுத்தவர்களில் என் அத்தை மகனும் ஒருவர் என்பது கூடுதல் வருத்தம். என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம் தம்பி. உங்கள் கேள்விக்கு முதலில் நேரான பதில். உங்கள் யார்டில் விழுந்து, உங்கள் சரக்கின் மேல் ஓடி, உங்கள் வேலியைத் தாண்டிப் போகும் மழைத் தண்ணீருக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஆனால் அதற்காக ஒரு வருட வருமானத்தைக் கொண்டுபோய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்ட வேண்டியதில்லை. அந்தக் கம்பெனிக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூரை, சிமெண்ட் தரை, ஒரு மேட்டுக் கால்வாய், கொஞ்சம் பழக்க மாற்றம், இவை பாதிக்கு மேல் வேலையை முடித்துவிடும். மிச்சத்துக்குத்தான் தொட்டி.

பொறுப்பு ஏன் உங்களுடையது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நகராண்மைக் கழகத்துக்கு நீங்கள் எழுதப் போகும் பதிலில் 'நான் ஊற்றவில்லை' என்ற வரி வந்துவிடக் கூடாது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இன் 25-ஆவது பிரிவு ஆறு, கால்வாய் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் கழிவு சேர்வதைப் பற்றியது. அதில் பலர் கவனிக்காத ஓர் உட்பிரிவு இருக்கிறது. நீர்நிலையைச் சென்று அடையக்கூடிய இடத்தில் கழிவை வைத்திருந்தாலே, அதை நீர்நிலையில் விட்டதாகத்தான் சட்டம் கருதும். கையால் ஊற்ற வேண்டும் என்பதில்லை. எண்ணெய் ஒழுகும் இஞ்சினைத் திறந்த மண்ணில் வைத்தீர்கள், மழை வந்து அதைக் கால்வாய்க்குக் கொண்டு போனது என்றால் கதை அங்கேயே முடிந்தது. 2024-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது உச்ச அபராதம் 10 மில்லியன் ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது. உங்களைப் போன்ற சிறு வியாபாரிக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று பயமுறுத்த வரவில்லை. இதை இனிமேல் யாரும் சின்ன விஷயமாகப் பார்க்க மாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம், நீங்கள் இருக்கும் இடம். சிலாங்கூர் ஆறு உங்கள் ஊர் வழியாக ஓடுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரும்பகுதி மக்கள் குடிக்கும் தண்ணீர் அந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த மாசு சிலாங்கூர் ஆற்றுக்கு வந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரே நேரத்தில் நிறுத்தப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் குழாய் வறண்டதே, நினைவிருக்கும். அன்று நிலையங்களை நிறுத்த வைத்தது வாடை. பெட்ரோல், தின்னர் போன்றவற்றின் வாடை மிகக் குறைந்த அளவிலேயே தண்ணீரில் தெரியும், அதைச் சாதாரணச் சுத்திகரிப்பால் எளிதில் நீக்க முடியாது. ஒரு டிரம் தின்னர் கவிழ்ந்த பிறகு பெய்யும் மழையை நினைத்துப் பாருங்கள். உங்கள் கால்வாய் எந்த ஓடையில் சேர்ந்து, ஆற்றில் எந்த இடத்தில் கலக்கிறது, அது தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேலா கீழா என்பதை சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமான லுவாஸ் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே என்றால் கழிவுநீருக்கு 'ஏ' தரம், கீழே என்றால் 'பி' தரம். 2009-ஆம் ஆண்டின் தொழிற்கழிவுநீர் விதிகளில் எண்ணெய்க்கான உச்ச அளவு 'ஏ' தரத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், 'பி' தரத்தில் 10. காரீயத்துக்கு 0.10, 0.5. பத்து மடங்கு, ஐந்து மடங்கு வித்தியாசம். கீழே என்றாலும் அலட்சியம் வேண்டாம். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கக் கூட்டிப் போகும் படகுக்காரர்களும் அந்த ஆற்றை நம்பித்தான் இருக்கிறார்கள்.

சரி, யார்டுக்கு வருவோம்.

ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கொட்டும் மழை 40 மில்லிமீட்டர் என்று வைத்தால், உங்கள் வேலிக்குள் மட்டும் 1 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர் விழுகிறது. சின்ன அளவில் கட்டித் தரும் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் ஒரு மணி நேரத்தில் இவ்வளவைக் கையாளாது. மழை இல்லாத நாளில் சும்மா கிடக்கும், மழை நாளில் நிரம்பி வழியும். அதனால்தான் அந்தக் கொட்டேஷனை வேண்டாம் என்றேன். அழுக்கான தண்ணீரைச் சுத்தம் செய்வதை விட, தண்ணீர் அழுக்காகாமல் பார்ப்பது உங்களைப் போன்ற இடத்துக்குப் பல மடங்கு மலிவு.

யார்டில் இருக்கும் எல்லாச் சரக்கும் ஒரே அளவு அழுக்கு தருவதில்லை. நீங்கள் வாங்குவதில் எடைக்கு அதிகமானது தகரமும் கம்பியும் இரும்புக் கட்டுகளும். அவை துருவைத் தரும், தண்ணீரைச் செம்மண் நிறமாக்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும். உண்மையான தீங்கு மொத்த எடையில் சிறு பங்காக இருக்கும் சரக்கிலிருந்து வருகிறது. பேட்டரி, எண்ணெய் வடிக்காத இஞ்சினும் கியர்பாக்ஸும், ஐஸ்பெட்டியின் கம்ப்ரஸர், கேபிள் உரித்த தூசி, காலி என்று சொல்லி வாங்கும் கெமிக்கல் டிரம். யார்டின் பத்தில் ஒரு பங்கு இடத்தில் இவற்றை அடக்கிவிடலாம். அந்த ஒரு பங்குக்கு மட்டும் ஜிங்க் கூரை போடுங்கள்.

பேட்டரியில் இருந்து ஆரம்பியுங்கள், இந்த வாரமே. கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். உள்ளே கந்தக அமிலம். ஓடு விரிசல் விட்டு அமிலம் வெளியே வந்தால் அது தான் தொடும் மற்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு போகும். துத்தநாகம் பூசிய தகரத்தின் பக்கத்தில் உடைந்த பேட்டரி கிடந்தால் இரண்டும் சேர்ந்து கால்வாய்க்குப் போகும். பேட்டரிகளை நிமிர்த்தி, கனமான பிளாஸ்டிக் தொட்டிக்குள், கூரைக்கு அடியில் வையுங்கள். மண் தரையில் ஒரு பேட்டரி கூட இருக்கக் கூடாது. உடைத்து அமிலத்தைக் கொட்டிவிட்டுக் காரீயத் தகட்டை மட்டும் விற்கும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். குழந்தைகளின் இரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. அது அவர்களுடைய மூளை வளர்ச்சியைத் தொடும் விஷயம். உங்கள் ஆறு பேரும் வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறார்கள் என்றால் கால்வாய்க்கு முன்னால் காரீயம் அந்த வீட்டுக்குள் போய்விட்டது. யார்டிலேயே உடுப்பு மாற்ற ஒரு மறைவும், கை கழுவச் சோப்பும், சாப்பிடத் தனி இடமும் கொடுங்கள். நீங்கள் கேட்காத விஷயம் இது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இஞ்சின், கியர்பாக்ஸ் வந்து இறங்கிய அன்றே எண்ணெயை வடித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால் நாளைக்கு முன்னால் மழை வந்துவிடும். வடிக்கும் இடம் சிமெண்ட் தரையாக இருக்கட்டும். தரையைச் சுற்றி அரையடி உயரத்துக்குக் கட்டு கட்டுங்கள். உள்ளே இருக்கும் மிகப் பெரிய டிரம் முழுவதும் கவிழ்ந்தாலும் வெளியே வராத அளவுக்கு அந்தக் கட்டு பிடிக்க வேண்டும், அதற்கு மேல் பத்து விழுக்காடு கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைக்கும் கணக்கு. கறுப்பெண்ணெய் ஒரு டிரம்மிலும், ரேடியேட்டர் தண்ணீர் வேறொன்றிலும், பிரேக் ஆயில் இன்னொன்றிலும் போகட்டும். கலந்துவிட்டால் வாங்க ஆள் கிடைக்காது. ரேடியேட்டர் தண்ணீரைப் பலர் சாதாரணத் தண்ணீர் என்று நினைத்து மண்ணில் திறந்துவிடுகிறார்கள். அதில் இருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனம் லேசாக இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், அவற்றுக்கு அது விஷம்.

இந்தப் பொருட்கள் சட்டத்தின் பார்வையில் அட்டவணையிடப்பட்ட கழிவுகள், அதாவது தனிக் கட்டுப்பாட்டில் உள்ள ஆபத்தான கழிவுகள், சுருக்கமாக எஸ்.டபிள்யூ. என்பார்கள். 2005-ஆம் ஆண்டின் விதிகளில் 77 வகை இருக்கிறது. பேட்டரி எஸ்.டபிள்யூ. 102, கறுப்பெண்ணெய் எஸ்.டபிள்யூ. 305, கெமிக்கல் ஒட்டியிருக்கும் டிரம் எஸ்.டபிள்யூ. 409, எண்ணெய் துடைத்த துணி எஸ்.டபிள்யூ. 410. 180 நாட்களுக்கு மேலும், 20 டன்னுக்கு மேலும் சேர்த்து வைக்கக் கூடாது. என்ன வந்தது, எவ்வளவு போனது, யாரிடம் போனது என்று பதிவு வேண்டும். எடுத்துப் போகிறவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். வாசலில் வந்து ரொக்கமாகப் பணம் கொடுத்து எண்ணெய் டிரம்மை ஏற்றிப் போகும் வேனுக்கு விற்றால், அந்த எண்ணெய் எங்கே ஊற்றப்பட்டாலும் விசாரணை உங்களிடம்தான் திரும்பி வரும். பழைய கணினி, தொலைக்காட்சி, ஐஸ்பெட்டி, சர்க்யூட் போர்டு ஆகியவை எஸ்.டபிள்யூ. 110. உரிமம் இல்லாமல் அவற்றைப் பிரிக்கவே கூடாது. உங்கள் அளவில் இருக்கும் ஒருவருக்கு அந்த உரிமம் கட்டுப்படியாகாது. அந்தச் சரக்கை வாங்குவதை நிறுத்திவிடுங்கள் என்பதே என் கருத்து. ஷா ஆலமில் இருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் இலாகாவுக்கு நீங்களாகவே ஒரு முறை போய், நான் இன்ன சரக்கு வாங்குகிறேன், எதற்குப் பதிவு வேண்டும், யாரிடம் கொடுக்கலாம் என்று கேளுங்கள். தானாக வந்து கேட்கிறவரையும் பிடிபட்டவரையும் அவர்கள் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

கேபிளைப் பற்றி உங்கள் கடிதத்தில் அதிகம் இல்லை. கொளுத்துகிறீர்களா? கொளுத்தினால் இன்றோடு நிறுத்துங்கள். திறந்த வெளியில் எரிப்பது தனிக் குற்றம். அது ஒரு பக்கம் இருக்க, மேலே இருக்கும் பி.வி.சி. உறை எரிந்து வரும் புகையில் டையாக்ஸின் என்ற கடும் நச்சு இருக்கிறது. மிஞ்சும் சாம்பலில் செம்பும் காரீயமும் தூளாகக் கிடக்கிறது. அந்தச் சாம்பலை அடுத்த மழை அப்படியே வாரிக்கொண்டு போகும். உரிக்கும் மெஷின் வாங்குங்கள். உரித்த செம்புக்கு எரித்த செம்பை விட விலையும் நன்றாகக் கிடைக்கும்.

அடுத்து, உங்கள் யார்டுக்குச் சொந்தமில்லாத தண்ணீர். தோட்டத்து நிலம் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். உங்களுக்கு மேலே செம்பனைத் தோட்டம் இருந்தால் அங்கே விழும் மழையும் சரிந்து வந்து உங்கள் யார்டைக் குறுக்கே கடந்து, உங்கள் அழுக்கைக் கழுவிக்கொண்டு கீழே போகிறது. அந்தத் தண்ணீரை உள்ளே விடாதீர்கள். மேட்டுப் பக்க வேலி ஓரமாக ஒரு கால்வாய் வெட்டி, யார்டைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பொதுக் கால்வாயில் விடுங்கள். எக்ஸ்கவேட்டர் வைத்திருக்கும் ஒருவரால் ஒரு நாளில் முடியும் வேலை. வாசலில் சாலைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க லோரி ஏறி இறங்கக்கூடிய சிமெண்ட் மேடு ஒன்று. புதிதாகப் போடும் கூரைக்குத் தகரக் குழாய் வைத்து, அந்தச் சுத்தமான தண்ணீரையும் அதே வெளிக் கால்வாயில் சேருங்கள், இல்லாவிட்டால் கூரைத் தண்ணீர் யார்டில் விழுந்து மறுபடி அழுக்காகும். சுத்தத் தண்ணீர் ஒரு வழி, அழுக்குத் தண்ணீர் ஒரு வழி. இந்த இரண்டும் பிரிந்துவிட்டால் நீங்கள் கவலைப்பட வேண்டிய தண்ணீர் வெகுவாகக் குறையும்.

தரையைப் பெருக்குங்கள், கழுவாதீர்கள். எண்ணெய் சிந்தினால் உடனே மரத்தூள் போட்டு, ஊறியதும் அள்ளி, டிரம்மில் மூடி வையுங்கள். அந்தத் தூளும் எஸ்.டபிள்யூ. 410 வகைதான், வீட்டுக் குப்பையில் சேர்க்கக் கூடாது, புதைக்கவும் கூடாது. சோப்புத்தூளும் டீகிரீஸரும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் தண்ணீரின் மேல் மிதக்கும் என்ற ஒரே காரணத்தால்தான் தொட்டியில் அதைப் பிடிக்க முடிகிறது. சோப்புப் பட்டால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். படலம் மறைந்து பார்க்கச் சுத்தமாகத் தெரியும், எண்ணெய் முழுவதும் அப்படியே ஆற்றுக்குப் போயிருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் தொட்டி. யார்டின் மிகத் தாழ்வான மூலையில் மூன்று அறைத் தொட்டி. முதல் அறையில் மணலும் கனமான சேறும் தங்கும், இரண்டாவதில் எண்ணெய் மேலே நிற்கும், கீழ்நோக்கி வளைந்த குழாய் வழியாக நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் மூன்றாவதுக்குப் போய் வெளியேறும். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் மழைநீர்க் கையேட்டில், எம்.எஸ்.எம்.ஏ. என்று சொல்வார்கள், 2012-இல் வந்த இரண்டாம் பதிப்பில், இதற்கான அளவுக் கணக்கு இருக்கிறது. கணக்குப் போட ஒரு சிவில் என்ஜினியர் போதும். ஆனால் தொட்டியைக் கட்டிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். மிதக்கிற எண்ணெயும் கனமான மணலும்தான் அதில் மாட்டும். தண்ணீரில் கரைந்த துத்தநாகமும் காரீயமும் மாட்டாது, நைசான களிமண்ணோடு ஒட்டிப் போகும் உலோகமும் பெரும்பாலும் மாட்டாது. கூரையை முதலில் போடச் சொல்வதன் காரணம் இதுதான். தொட்டியைத் தூர் வாருவதை மறந்தால் அதுவே மாசு மூட்டையாகிவிடும். உங்கள் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை அதிகம். அதற்கு முந்தைய மாதமே வாரிவிடுங்கள். வாரிய சேற்றைச் சோதிக்காமல் வெளியே கொடுக்கக் கூடாது.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தனை வருடம் எண்ணெயும் துருவும் காரீயத் தூசியும் இறங்கிய மண் அது. சிமெண்ட் போடுவதற்காக மேல்மண்ணைச் சுரண்டினால், யாராவது வந்து வீட்டுக்குப் பின்னால் பள்ளம் இருக்கிறது, கோயில் வளாகத்தை உயர்த்த வேண்டும், அந்த மண்ணைக் கொடுங்கள் என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நல்ல மனதோடு கொடுத்த மண்ணில்தான் நாளைக்குப் பிள்ளைகள் விளையாடும். முடிந்தவரை சுரண்டாமல் மேலேயே கல் கொட்டிச் சமப்படுத்திச் சிமெண்ட் போடுங்கள்.

இப்போது அந்தப் படலம். தாமான்காரர்கள் எடுத்த படத்தில் இருப்பது எண்ணெய்தான் என்று நானும் நினைக்கிறேன், ஆனாலும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வட்டாரத்தில் பழைய ஈயச் சுரங்க நிலமும் ஈரமான தாழ்நிலமும் நிறைய. அந்த மாதிரி இடத்தில் ஊறும் இரும்புச் சத்துள்ள தண்ணீரில் ஒருவகை பாக்டீரியா வளர்ந்து, எண்ணெய் போலவே வானவில் நிறத்தில் படலம் கட்டும். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். பாக்டீரியாப் படலம் என்றால் கண்ணாடிச் சில்லுபோல் துண்டு துண்டாக உடைந்து விலகி நிற்கும். எண்ணெய் என்றால் சுழன்று வந்து மறுபடி ஒன்றாகச் சேரும்.

குச்சியோடு நிற்க வேண்டாம். தண்ணீரை எடுத்துச் சோதிக்கக் கொடுங்கள். மலேசிய ஆய்வுக்கூடங்களுக்குத் தரப்படும் 'சாம்' அங்கீகாரம் உள்ள ஆய்வுக்கூடமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இலாகாவில் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை. நாலைந்து நாள் வெயிலுக்குப் பிறகு வரும் மழையில், தண்ணீர் ஓடத் தொடங்கிய முதல் அரை மணி நேரத்தில் எடுங்கள். அதிக அழுக்கு அப்போதுதான் போகும். மழை விடும் நேரத்தில் எடுத்தால் முடிவு அழகாக வரும், அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. எண்ணெய்க்கான மாதிரியை ஆய்வுக்கூடம் தரும் கண்ணாடிப் புட்டியில் எடுக்க வேண்டும். மினரல் வாட்டர் புட்டியில் எடுத்தால் எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும். உங்கள் யார்டுத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒன்று, உங்கள் யார்டுக்கு மேலே அதே கால்வாயில் ஒன்று, இரண்டு இடத்திலும் எடுங்கள். மேலே வேறு பட்டறை இருந்து அங்கிருந்தே எண்ணெய் வந்தால் அது தெரிய வேண்டும். வராவிட்டாலும் தெரிய வேண்டும். அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச்., தண்ணீரில் கலங்கி நிற்கும் திடப்பொருள், எண்ணெய், ரசாயன ஆக்ஸிஜன் தேவையான சி.ஓ.டி., காரீயம், துத்தநாகம், செம்பு, இவை போதும் என்று சொல்லுங்கள்.

நகராண்மைக் கழகத்துக்குப் பதில் எழுதும்போது கடிதத்தில் சொன்ன தேதியைத் தாண்டாதீர்கள். மறுத்து வாதாட வேண்டாம். யார்டின் கோட்டுப்படம் ஒன்று வரைந்து, எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். பேட்டரியை இந்தத் தேதிக்குள் கூரைக்கடியில் மாற்றுகிறேன், மேட்டுக் கால்வாய் இந்தத் தேதிக்குள், தொட்டி இந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். செய்து முடித்ததற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துச் சேருங்கள். செய்ய முடியாத தேதியை மட்டும் எழுதிவிடாதீர்கள். இன்னொன்று, நிலத்தின் உரிமைப் பத்திரமான கிராண்டில் 'விவசாயம்' என்று இருக்கிறதா என்று நில உரிமையாளரிடம் கேளுங்கள். தோட்டத்து நிலம் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். அப்படியென்றால் நிலப் பயன்பாட்டையும் வியாபார லைசென்ஸையும் பற்றி நில அலுவலகத்திலும் கழகத்திலும் கேட்டுத் தெளிவான பிறகு சிமெண்டுக்குப் பெரிய பணம் போடுங்கள். ஆனால் பேட்டரியையும் எண்ணெயையும் மழையிலிருந்து எடுப்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை, அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

அத்தை மகனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் உங்களிடம் வந்து சொல்லாமல் கழகத்துக்குப் போனது வலிக்கும்தான். ஆனால் கால்வாயில் எண்ணெய் பார்த்தால் புகார் கொடுப்பது அவருடைய உரிமை, அது தேவையும் கூட. அதற்காக அவரை விலக்கி வைக்காதீர்கள். நீங்களே தாமானுக்குப் போங்கள், அவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால்வாய் ஓரத்தில் யாராவது கங்கோங் கீரை பறிக்கிறார்களா, மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்கிறதா, கீழே இருக்கும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்களா என்று விசாரியுங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர் நீங்கள், இவை மூன்றும் நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சோதனை முடிவு வரும்வரை மூன்றையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கங்கோங் வேர் சேற்றிலிருந்து உலோகத்தை இழுத்துக்கொள்ளும், தண்டில் ஒட்டிய சேற்றைக் கழுவினாலும் முழுவதும் போகாது. மாடு வளர்ப்பவருக்குக் குடிதண்ணீர் குழாய் வசதி இல்லையென்றால் உங்கள் லோரியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். இதைச் சொன்னால் பொறுப்பு என் தலையில் வந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். ஏற்கெனவே உங்கள் தலையில்தான் இருக்கிறது. யாருக்காவது உடம்புக்கு வந்த பிறகு சொல்வதை விட இன்றைக்குச் சொல்வது நூறு மடங்கு நல்லது.

செய்ய வேண்டிய வரிசை இது. இந்த வாரம் பேட்டரியும் எண்ணெயும், கூரை வரும்வரை கனமான கென்வஸ் போட்டாவது மூடுங்கள். அதே வாரத்தில் தாமானுக்குப் போய்வருவதும் கழகத்துக்குப் பதிலும். அடுத்த நல்ல மழையில் மாதிரி. இந்த மாதத்துக்குள் மேட்டுக் கால்வாயும் வாசல் மேடும். ஆய்வறிக்கை வந்ததும் கோட்டுப்படத்தோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள், மேட்டிலிருந்து எவ்வளவு நிலத்துத் தண்ணீர் வருகிறது என்பதையும் குறித்து அனுப்புங்கள். தொட்டி எந்த அளவில் கட்டலாம், கட்ட வேண்டிய தேவையே இருக்கிறதா என்பதை அப்போது கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.